எளியவர்களின் பந்தியில் பிறந்த அப்பம்



சம்பளம் கைக்கு வந்த வாரத்தின் சனிக்கிழமை மாலையில் உங்கள் பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இன்றைக்குப் பீட்சா வாங்கித் தருவீர்களா?" என்று கேட்கும்போது உங்கள் உள்ளத்தில் என்ன தோன்றுகிறது? கண்ணாடிக் கதவும், குளிரூட்டிய அறையும், சீருடை அணிந்த பணியாளர்களும் உள்ள ஒரு பெரிய கடை உங்கள் கண்முன் வருகிறது. அங்கே நான்குபேர் உட்கார்ந்து எழுந்தால் எவ்வளவு ஆகும் என்று மனம் கணக்குப் போடுகிறது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் தாயாருக்கு அனுப்ப வேண்டிய பணம் ஆகிய யாவும் வரிசையாக நினைவிற்கு வருகின்றன. முடிவில், "அது பணக்காரர் சாப்பாடு, நமக்கு வேண்டாம் கண்ணு" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

பணத்தை எண்ணிச் செலவிடுவது நல்ல குணமே. அதற்காக உங்களை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் குறித்துச் சற்றே சிந்திக்கும்படி உங்களை அழைக்கிறேன். "பணக்காரர் சாப்பாடு" என்று நீங்கள் சொன்னதைப் பிள்ளை நம்புகிறது. உலகத்தில் சில பந்திகள் நமக்குரியவை அல்ல என்றும், நாம் வெளியே நின்று பார்க்க வேண்டியவர்கள் என்றும் அதன் சிறு உள்ளத்தில் ஒரு எண்ணம் விழுகிறது. நகரத்தில் பிழைக்கவந்த நம்முடைய பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் மிகவும் ஆபத்தானது. அதோடு, பீட்சாவைப் பொறுத்தவரையில் அது உண்மையும் அல்ல. அந்த அப்பம் யாருடைய பந்தியில் பிறந்தது என்பதை அறிந்துகொண்டால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

லாசருவின் பெயரால் அழைக்கப்பட்டவர்கள்

இத்தாலி தேசத்தின் தென்பகுதியில், எரிமலையின் அருகே, கடற்கரையோரமாக நேப்பிள்ஸ் என்னும் துறைமுகப் பட்டணம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று. வேலைதேடிக் கிராமங்களிலிருந்து வந்த ஜனங்கள் அதன் குறுகிய சந்துகளில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். தெருவோரத்துக் கீழ்த்தளத்தில் ஒரே அறை. அந்த அறையிலேயே தகப்பன், தாய், பிள்ளைகள், பாட்டி எல்லோரும் இருப்பார்கள். ஜன்னல் இராது, கதவைத் திறந்தால்தான் வெளிச்சம். மும்பையில் பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஏழைகளுக்கு 'லாட்சரோனி' என்று பெயர். சுவிசேஷத்தில் ஐசுவரியவானுடைய வாசலருகே கிடந்த தரித்திரனாகிய லாசருவின் பெயரிலிருந்தே இந்தச் சொல் வந்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. சுமைதூக்குகிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், கூலிவேலை செய்கிறவர்கள், வேலையே இல்லாதவர்கள் என எல்லோரையும் அந்த ஒரே பெயரால் அழைத்தார்கள். அவர்களுடைய அறையில் சமைக்க வசதியில்லை. விறகும் விலை அதிகம். ஆகவே வயிறு நிறைய, விலை குறைய, நின்றபடியே புசிக்கத்தக்க ஒரு ஆகாரம் அவர்களுக்குத் தேவையாயிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் பீட்சா.

மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட். இவ்வளவே அதன் ஆதாரம். நம்முடைய தாய்மார் தோசைமாவை இரவெல்லாம் புளிக்க வைப்பதுபோல் இந்த மாவையும் பலமணி நேரம் புளிக்க வைப்பார்கள். பின்பு கையால் தட்டி விரித்து, அதன்மேல் கையில் இருப்பதைத் தூவுவார்கள். ஒருநாள் பூண்டும் எண்ணெயும். இன்னொருநாள் பன்றிக்கொழுப்பும் சிறிது பாலாடைக்கட்டியும். கடலில் மலிவாகக் கிடைத்தால் பொடிமீன். 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவிற்கு வந்த தக்காளியை மேட்டிமையானவர்கள் நெடுங்காலம் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளோ அதைத் தங்கள் அப்பத்தின்மேல் தடவிப் புசித்தார்கள்.

இதன் விலை ஏன் குறைவாயிருந்தது என்பதையும் கவனியுங்கள். விறகடுப்பை ஒருமுறை நன்றாய்ச் சூடேற்றிவிட்டால், அந்த ஒரே சூட்டில் நூற்றுக்கணக்கான அப்பங்களை அடுத்தடுத்துச் சுட்டு எடுக்கலாம். அடுப்பின் தளம் ஏறக்குறைய 430 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். அந்த வெப்பத்தில் மாவிலுள்ள ஈரம் நொடியில் ஆவியாகி ஓரங்களை ஊதி எழுப்புகிறது. ஆங்காங்கே கரும்புள்ளிகள் விழுகின்றன. 60 முதல் 90 வினாடிகளுக்குள் வேலை முடிந்துவிடும். நம் ஊர்களில் தந்தூரி அடுப்பில் ரொட்டி சுடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வித்தைதான்.

கடைக்குப் போக நேரமில்லாத கூலியாளுக்காகத் தெருவிலேயே விற்பனை நடந்தது. மூடியுள்ள வட்டமான உலோகப் பெட்டியில் சூடான அப்பங்களை அடுக்கித் தலைமேல் சுமந்துகொண்டு பையன்கள் கூவிக்கொண்டு போவார்கள். கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி துண்டு வெட்டிக் கொடுப்பார்கள். வாங்கியவர் அதை நான்காக மடித்து, நின்றபடியே உண்பார். இன்றைக்கும் நேப்பிள்ஸ் தெருக்களில் அப்படி மடித்து உண்ணும் பீட்சாவிற்குப் 'பணப்பை' என்று பெயர். பணப்பை காலியாயிருந்தவர்களின் ஆகாரத்திற்கு அப்படியொரு பெயர்!

எட்டு நாள் கடன்

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா 1835ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரில் தங்கியிருந்தார். தாம் கண்டவற்றை 1843ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அங்குள்ள ஏழைகள் குளிர்காலத்தில் பீட்சாவையும் கோடைக்காலத்தில் தர்ப்பூசணியையும் உண்டு வாழ்கிறார்கள் என்று அவர் எழுதினார். 'எட்டின் பீட்சா' என்று ஒன்று உண்டென்றும் குறிப்பிட்டு, அது சுட்டு எட்டு நாள் ஆன பழைய பீட்சா என்று விளக்கம் கொடுத்தார்.

அவர் புரிந்துகொண்டது சரியல்ல. அது எட்டு நாள் பழைய அப்பம் அன்று. எட்டு நாள் தவணை. இன்று புசித்துவிட்டு, எட்டாம் நாள் பணம் கொடுக்கலாம் என்பதே அதன் பொருள். வசதியாய்ப் பிறந்த ஒரு பிரயாணிக்குக் கெட்டுப்போன சாப்பாடு தெரிந்தது. அந்தத் தெருவில் வாழ்ந்தவர்களுக்கோ அது நம்பிக்கையாகத் தெரிந்தது. முகம் தெரிந்த கடைக்காரர், முகம் தெரிந்த கூலிக்காரர். வாரக்கூலி வந்ததும் கணக்குத் தீரும்.

இங்கே ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்க வேண்டும். பசித்தவனுக்கு அன்றாட ஆகாரத்தை எட்டு நாள் தவணையில் கொடுத்தது ஒரு தெருக்கடைக்காரரின் இரக்கம். அந்தக் கடன் கூலி வந்தவுடன் தீர்ந்துபோனது. இன்றைக்கு நம் கைப்பேசியில், "இப்போது வாங்குங்கள், பிறகு செலுத்துங்கள்" என்று வரும் அழைப்போ அப்படிப்பட்டதல்ல. அதைக் கொடுக்கிறவர் உங்கள் முகத்தை அறியார். தவணை தவறினால் வட்டியையும் அபராதத்தையும் அறிவார். பிள்ளையின் ஆசைக்காக 200 ரூபாய் கையில் எடுத்துச் சென்று தெருமுனைக் கடையில் சந்தோஷமாகச் சாப்பிட்டு வருவதும், கடன் அட்டையைத் தேய்த்து 2000 ரூபாய்க்கு விருந்துண்பதும் ஒன்றல்ல. முதலாவது சாப்பாடு அன்றோடு முடிகிறது. இரண்டாவது சாப்பாட்டிற்கு அடுத்த மாதமும் நீங்கள் விலைகொடுத்துக் கொண்டிருப்பீர்கள்.

பரிகாசம் பண்ணப்பட்ட ஆகாரம்

ஏழைகளின் ஆகாரத்தை மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? தந்தி முறையைக் கண்டுபிடித்த சாமுவேல் மோர்ஸ் 1831ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் வந்தபோது பீட்சாவைக் கண்டு அருவருப்படைந்தார். சாக்கடையிலிருந்து எடுத்த ரொட்டியைப்போல் இருக்கிறது என்னும் பொருள்பட எழுதினார். பினோக்கியோ என்னும் மரப்பொம்மையின் கதையை எழுதிய கொலோடி இத்தாலியரே. அவரும் அதை விற்கிறவரின் அழுக்கிற்கு ஏற்ற அழுக்கான பண்டம் என்று இகழ்ந்தார்.

மத்தில்தே செராவோ என்னும் பெண் பத்திரிகையாளர் மட்டும் வேறுவிதமாகப் பார்த்தார். 1884ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்தைக் காலரா வாதித்தபோது அவர் ஏழைகளின் வாழ்க்கையைக் குறித்துத் தொடர்ந்து எழுதினார். ஒரு சிறு காசுக்கு ஒரு துண்டு பீட்சா வாங்கி அதையே காலை ஆகாரமாகக் கொண்ட ஜனங்களை அவர் தம் எழுத்தில் மரியாதையோடு நிறுத்தினார். நேப்பிள்ஸ்காரர் ஒருவர் ரோமாபுரியில் பீட்சாக்கடை திறந்த கதையையும் அவர் சொல்கிறார். முதலில் புதுமைக்காகக் கூட்டம் வந்ததாம். பின்பு ஒருவரும் வராமல் கடை நொடிந்துபோயிற்றாம். பக்கத்து நகரத்தாரே ஏற்றுக்கொள்ளாத ஆகாரமாக அது இருந்தது.

1889ஆம் ஆண்டில் இத்தாலியின் மார்கரீத்தா ராணிக்காக ரஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் தக்காளி, வெண்மையான மொட்சரெல்லா, பச்சைத் துளசி ஆகிய மூன்று நிறங்களில் பீட்சா செய்து கொடுத்தார் என்றும், அதனால்தான் அதற்கு மார்கரீத்தா என்று பெயர் வந்தது என்றும் ஒரு கதை எங்கும் சொல்லப்படுகிறது. சரித்திர ஆய்வாளர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். அப்படிப்பட்ட பீட்சா அதற்கு முன்னரே இருந்தது. ஆனாலும் அந்தக் கதை ஏன் இவ்வளவு பிரபலமாயிற்று என்று யோசியுங்கள். ஏழைகள் நூறு வருஷங்களுக்கும் மேலாகப் புசித்துவந்த ஆகாரம் அரண்மனையில் ஒருவர் ருசிபார்த்த பின்புதான் கனமுள்ளதாயிற்று என்று நினைக்க உலகத்திற்குப் பிரியம்.

கடல் கடந்த அடுப்பு

பஞ்சமும் வேலையின்மையும் இத்தாலியரைக் கப்பலேற்றின. 1880 முதல் 1920 வரை 40 லட்சத்திற்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவிற்குச் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தென்பகுதி ஏழைகள். சுரங்கப்பாதை தோண்டவும், கட்டடத்தில் செங்கல் சுமக்கவும், தையற்கூடங்களில் தைக்கவும் அவர்கள் வேண்டியிருந்தார்கள். ஆனால் அவர்கள் பேசும் பாஷை வேண்டியிருக்கவில்லை. அவர்கள் உண்ணும் பூண்டின் வாசனையும் வேண்டியிருக்கவில்லை. 1891ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு ஜனக்கூட்டம் சிறைச்சாலைக்குள் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றுபோட்டது. வந்தேறிகளுக்கு விரோதமான வெறுப்பு அவ்வளவு கொடியதாயிருந்தது.

அந்த நாட்களில்தான் நியூயார்க் நகரத்தில் இத்தாலியர் வாழ்ந்த தெருக்களில் நிலக்கரி அடுப்புகள் எரிந்தன. 1905ஆம் ஆண்டோடு இணைத்துச் சொல்லப்படும் லொம்பார்டி கடை அவற்றுள் பிரபலமானது. அருகேயுள்ள நியூ ஹேவன் பட்டணத்தில் 1925ஆம் ஆண்டில் ஃப்ராங்க் பெப்பே என்பவர் கடை திறந்தார். அவர் வாலிபனாக இத்தாலியிலிருந்து வந்து தொழிற்சாலையில் உழைத்தவர். அவருடைய கடைக்கு வந்தவர்களும் அக்கம்பக்கத்துத் தொழிலாளரே. நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சின்படியே அங்கே இன்றைக்கும் 'அபீட்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பாஷையின் வாசனையை அவர்கள் மறைக்கவில்லை.

பிற்காலத்தில் நியூயார்க்கில் துண்டுகளாக விற்கும் சிறு கடைகள் பெருகின. அங்கே மேஜைகூட இராது. வேலைமுடிந்த கூலியாளும் அலுவலக அதிகாரியும் ஒரே வரிசையில் நின்று காகிதத் தட்டில் ஒரு துண்டு வாங்கி உண்பார்கள். ஒரு துண்டின் விலை சுரங்க இரயில் கட்டணத்தோடு ஒத்துப்போகிறது என்று 1980ஆம் ஆண்டிலேயே ஒருவர் செய்தித்தாளில் சுட்டிக்காட்டினார். வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டும் அன்றாடத் தேவை என்பது அதிலிருந்து விளங்குகிறது. நம் நாட்டிற்கோ பெரிய நிறுவனங்களின் பீட்சாக்கடைகள் 1996ஆம் ஆண்டில் டெல்லியிலும் பெங்களூரிலும் வந்திறங்கின. அவை குளிரூட்டிய அறைகளோடு வந்தபடியால், நாம் அதைச் செல்வந்தரின் ஆகாரம் என்று எண்ணிக்கொண்டோம்.

2017ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாத் தொழிலாளரின் கைவித்தையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு மனுக்குலத்தின் பாரம்பரியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சாக்கடையோடு ஒப்பிடப்பட்ட அப்பத்திற்கு இந்தக் கனம் கிடைக்க ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின.

தகரப் பெட்டியும் இட்லிப் பாத்திரமும்

இதை வாசிக்கும்போது தாராவியில் வசிக்கும் சகோதர சகோதரிகளுக்கு வேறொரு காட்சி நினைவிற்கு வரக்கூடும். விடியுமுன் எழுந்து, ஒரே அறையில் ஆவிபறக்க இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, ரப்பர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டு மும்பையின் வீதிகளுக்குப் புறப்படும் நம்முடைய தமிழ்ச் சகோதரர்களை நீங்கள் அறிவீர்கள். நேப்பிள்ஸ் பையன் தலையில் சுமந்த பெட்டியும் இந்த இட்லிப் பாத்திரமும் உடன்பிறந்தவை.

நாமும் பரிகாசம் பண்ணப்பட்டவர்களே. 1960களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியருக்கு விரோதமாகக் கிளர்ச்சி எழுந்தபோது நம் உடையையும் பாஷையையும் கேலிசெய்தார்கள். உடுப்பி உணவகங்களும் தாக்கப்பட்டன. இன்றைக்கு அதே நகரத்தில் காலைநேரத்தில் இட்லிக்காகவும் தோசைக்காகவும் எல்லாப் பாஷைக்காரரும் வரிசையில் நிற்கிறார்கள். ஆகையால் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளை இட்லி டப்பாவைத் திறக்க வெட்கப்பட்டால், இந்தச் சரித்திரத்தை அதற்குச் சொல்லுங்கள். "நீ கேட்கிற பீட்சாவும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது, அதைச் செய்தவர்கள் வெட்கப்பட்டு விட்டுவிடாததினால்தான் இன்று உன் வாய்க்கு வந்திருக்கிறது" என்று எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் தெருமுனைக் கடையில்

இப்போது உங்கள் பகுதிக்கு வருவோம். தொழிலாளர் வாழும் எந்த நகர்ப்புறத்திலும் சாண்ட்விச், பாவ், டீ விற்கிற சிறிய கடைகளில் பீட்சாவும் கிடைக்கிறது. பேக்கரியில் வாங்கிய ரொட்டித் தட்டின்மேல் தக்காளிக் குழம்பைத் தடவி, வெங்காயம், குடைமிளகாய் தூவி, சீஸ் துருவிப்போட்டு, தோசைக்கல்லிலோ சிறிய மின்சார அடுப்பிலோ மூடிவைத்துச் சூடாக்கித் தருகிறார்கள். நேப்பிள்ஸ் நகரத்தார் இதைப் பீட்சா என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் கையில் இருப்பதை மாவின்மேல் தூவி, உழைக்கிறவனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுப்பது என்னும் அதன் ஆதி நோக்கம் அந்தக் கல்லின்மேல்தான் உயிரோடிருக்கிறது.

குடும்பமாகப் போங்கள். போகும்போது சில காரியங்களைக் கவனியுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் கடையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சீஸ் என்ற பெயரில் தாவர எண்ணெயில் செய்த மாற்றுப்பொருளும் புழங்குகிறது, கேட்பதற்குத் தயங்காதீர்கள். முதலில் இரண்டு வாங்கி நான்குபேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். போதாவிட்டால் பிறகு இன்னொன்று சொல்லலாம். பீட்சாவைவிடக் குளிர்பானத்திற்கே அதிகம் செலவாகிற குடும்பங்கள் உண்டு, தண்ணீர் போதும்.

என்றாவது பெரிய கடைக்கே போக நேர்ந்தால், பில்லை வாசித்துப் பாருங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரியென்று தீர்ப்பளித்தது. "இதை எடுத்துவிடுங்கள்" என்று அமைதியாகச் சொல்வதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பிள்ளைகளின் முன்பாக ஒரு தகப்பன் மரியாதையோடு தன் நியாயத்தைக் கேட்பதும் ஒரு பாடமே.

மேஜை துடைக்கிறவர் யார்?

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. உங்கள் பிள்ளை ஆசையோடு பீட்சாவைப் பிய்க்கும்போது, அருகே ஈரத்துணியோடு மேஜையைத் துடைக்கிறவரைப் பாருங்கள். அவருக்கு என்ன வயது? 14 வயதிற்கு உட்பட்ட பிள்ளைகளை உணவகங்களில் வேலைக்கு வைப்பது 2006ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அந்தத் தடையை ஏறக்குறைய எல்லாத் தொழில்களுக்கும் விரிவாக்கியது. ஆயினும் கிராமத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுவர்கள் நகரத்துக் கடைகளில் இன்னும் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் நம் ஜில்லாவைச் சேர்ந்த பையனும் இருக்கக்கூடும். அவன் பேச்சின் சாயலை நீங்கள் ஒருவேளை உடனே கண்டுகொள்வீர்கள்.

அப்படி ஒருவனைக் கண்டால், சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வந்துவிடாதீர்கள். "தம்பி, எந்த ஊர்? அம்மா அப்பா எங்கே இருக்கிறார்கள்?" என்று கனிவாகக் கேளுங்கள். கடைக்காரர் முன்பாக அவனுக்குச் சங்கடம் உண்டாக்க வேண்டாம். கடையில் சண்டையும் வேண்டாம். வெளியே வந்து 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, கட்டணம் இல்லை.

நேப்பிள்ஸ் நகரத்துத் தேநீர்க்கடைகளைப் போன்ற காப்பிக்கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஒரு காப்பி குடித்துவிட்டு இரண்டிற்குப் பணம் கொடுப்பார். இரண்டாவது காப்பி, பின்னால் வரப்போகும் முகமறியாத ஏழைக்காக நிறுத்திவைக்கப்படும். அவர் வந்து, "நிறுத்திவைத்தது ஏதேனும் உண்டா?" என்று கேட்டால் போதும், யார் கொடுத்தார் என்று அவருக்குத் தெரியாது. பிற்காலத்தில் சில கடைகள் பீட்சாவையும் இப்படியே நிறுத்திவைக்கத் தொடங்கின.

உங்கள் தெருமுனைக் கடைக்காரர் உங்களை அறிந்தவர்தானே? அடுத்தமுறை பணம் கொடுக்கும்போது ஒரு தட்டிற்கான தொகையைக் கூடுதலாகக் கொடுத்து, "பசியோடு யாராவது வந்தால் கொடுங்கள் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பணத்தை உங்கள் பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு அது போய்ச் சேர்ந்தது என்று பிறகு விசாரிக்க வேண்டாம்.